கோட்டின் தடிமன்

வாசிப்பறையில் பேனாவுக்கு அனுமதி இல்லை.
பென்சில் மட்டும்.
செனாமே அக்போலி சிரித்தாள்:
"இன்னும் அதே ஆயுதம்தானா?"

லோமேயிலிருந்து வந்த வழக்கறிஞர்.
பெர்லினில் பிப்ரவரி.
மேலங்கித் தோளில் உருகாத பனி.

நானும் ஹைகேயும் ஆளுக்கொரு முனை பிடித்து
பாடை இறக்குவதுபோல்
வரைபடத்தை மேசையில் கிடத்தினோம்.
ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்னும் அளவு.
துணியில் ஒட்டிய தாள்,
எலி கடித்ததில் புதிதாய் ஒரு வளைகுடா.
நடுவே நீலப் பென்சில் கோடு.
ஆறு தெரிந்த இடத்தில் ஆற்றோடு வளைந்து
தெரியாத இடத்தில் அடிக்கோல் வைத்த நேர்.
பக்கத்தில் ஒரு சொல்: உன்பெகான்ட்.
அறியப்படாதது.
யாரால் என்று எழுதவில்லை.

விழுப்புரத்தில் நில அளவைத் துறையில்
மூன்று வருடம் சங்கிலி பிடித்தவள் நான்.
இதற்கு என்னிடம் ஒரு சொல் உண்டு,
புறம்போக்கு.
மாடு மேயும், பிணம் எரியும்,
பிள்ளைகள் கபடி ஆடும்,
பதிவேட்டில் மட்டும் ஆள் இருக்காது.
இங்கிருந்து பத்து நிமிட நடை, வில்ஹெல்ம் தெரு.
அங்கே ஒரு குளிர்காலத்தில் பதினான்கு அரசுகள் உட்கார்ந்து
எப்படிப் பிடித்தால் பிடித்ததாகும் என்று
ஒரு கண்டத்துக்கு விதி எழுதின.
நிலத்துக்காரர் ஒருவருக்கும்
நோட்டீஸ் சார்வாகவில்லை.

"அழித்துவிடலாமே" என்றேன், விளையாட்டாக.
ரப்பர் கூட வைத்திருந்தேன்.

அவள் இம்முறை சிரிக்கவில்லை.
"விடுதலை வந்ததும் எங்கள் தலைவர்கள் கூடினார்கள்.
கோடு எவன் போட்டதோ,
தொட்டால் சிந்துவது நம் ரத்தம் என்றார்கள்.
ஓட்டைப் பானைதான்.
அதில்தான் உலை வைத்தோம்.
இருப்பது இருந்தபடி.
அதற்கு லத்தீனில் ஒரு பெயர் உண்டு,
நீதிமன்றத்தில் சொன்னால்
நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்காரும்.
எனக்குக் கோடு வேண்டாம்.
அதன் தடிமன் வேண்டும்."

உருப்பெருக்கியைக் கவிழ்த்தேன்.
பூஜ்யம் புள்ளி எட்டு மில்லிமீட்டர்.
குறிப்பேட்டின் மூலையில்
ஐந்து லட்சத்தால் பெருக்கினாள்.
நானூறு மீட்டர்.

நீலத்துக்குள்ளேயே
முப்பத்தாறு வீடு,
தகரக் கூரைப் பள்ளி,
மரவள்ளி, கொஞ்சம் வெங்காயம்,
ஒரு கிணறு.
மேற்கு விளிம்பே எல்லை என்றால் கிணறு எங்களுக்கு.
கிழக்கு விளிம்பு என்றால் அண்டை நாட்டுக்கு.
நட்டநடு என்றால்
கயிறு ஒரு தேசம், வாளி ஒரு தேசம்.

"நீங்கள் எந்த அரசின் பக்கம்?"

"அரசுகளுக்கு வக்கீல்கள் நிறைய.
நான் கோட்டுக்குள் குடியிருப்பவர்களுக்கு.
இந்தச் சட்டம் அரசுகளுக்கு மட்டும்
வாய் வைத்துப் பிறந்தது.
எங்கள் சாசனத்தில்
மனிதர் என்று எழுதிவிட்டு நிறுத்தவில்லை நாங்கள்,
மக்கள் என்றும் எழுதினோம்.
அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு
கிணற்றில் இறங்கப் போகிறேன்."

தாங்குமா என்று கேட்க நினைத்தேன்.
விடிகாலையில் இரு பாஷையில் சண்டை போட்டபடி
பெண்கள் நீர் இறைக்கிற அனுபோகம்,
அதற்கு எந்த அலுவலகத்தில் பட்டா?
கேட்கவில்லை.
அவள் அந்த இடத்தில் விரல் வைக்கப் போய்
சட்டென்று இழுத்துக்கொண்டாள்.
கையுறை போட மறந்திருந்தாள்.

சான்றிட்ட நகலுக்கு இருபத்து மூன்று யூரோ.
படிவத்தில் நோக்கம் என்றொரு வரிசை.
ஆய்வு, வெளியீடு, குடும்ப வரலாறு,
மூன்று கட்டங்கள்.
எதிலும் குறியிடாமல்
ஓரத்தில் எழுதினாள்:
தண்ணீர்.

கணினி ஏற்கவில்லை.
ஹைகே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
மூன்றாவது முறையாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.