காலர் மைக்

முட்டத்துச் செம்மண் மேட்டில்
ட்ரோன் மூன்று முறை சுற்றியது.
டெல்ஷியா சொன்னபடி சிரித்தாள்,
ஜெரின் சொன்னபடி நெற்றியில் முத்தமிட்டான்.
நான்கு நிமிட டீசருக்கு எல்லாம் இருக்கிறது.

கருங்கலில் என் கடைமாடி. இரவு இரண்டு மணி.
ஒலிகளைப் பிரிக்கையில் கிடைத்தது
அவள் அப்பாவின் சட்டையில்
கழற்ற மறந்த மைக்.

பந்திச் சத்தம் தேய்கிறது.
தீக்குச்சி உரசல்.
பிறகு கணக்கு:
"பந்தலுக்கு எட்டு, சமையலுக்குப் பதினேழு,
வள்ளத்து எஞ்சின அடுத்த மாசம் மீட்டிரலாம்..."
நெடுநேரம் இரைச்சல்,
கடலா மூச்சா தெரியவில்லை.
"எனக்க மக்களே"
என்கிறார், ஆளில்லா இடத்தில்,
குழந்தையை இடுப்புக்கு ஏற்றுகிற குரலில்.

நேற்றுதான் கேட்டிருந்தாள்:
"அப்பா அழவே இல்லியாண்ணே?
ஒரு ஷாட்லயும் காணல."

கணக்கை வெட்டினேன்.
அது அவள் கேட்க வேண்டியதல்ல.
ட்ரோன் உயரும் இடத்தில்
பாட்டை நிறுத்தி
மிச்சத்தை அப்படியே வைத்தேன்,
உரசலில் இருந்து.

அனுப்பியதும் இரண்டு நீலக் கோடுகள்.
விடியும்வரை ஒன்றுமில்லை.
ஆறரைக்கு வந்தது:
"அப்பா இப்பவும் பீடி குடிக்காரா?"