சாவி ஆணிகளுக்குக் கீழே ஒரு தாள்

மேனேஜர் ஞானப்பிரகாசம்
மூன்று தேசத்து மரியாதையையும்
தமிழ் எழுத்தில் எழுதி
ரிசப்ஷனில் ஒட்டியிருக்கிறார்,
சாவி மாட்டும் ஆணிகளுக்குக் கீழே.
வெளிநாட்டு விருந்தாளி வந்தால்
நான் குனிந்து கும்பிடுவதாக நினைத்துக்கொள்வார்கள்.
நான் படித்துக்கொண்டிருப்பேன்.

முதல் வரி போன்ழூர்.
கண்டமங்கலம் தாண்டி
பஸ் நிற்காத ஏதோ ஊர் மாதிரி இருக்கிறது.
ஜ போட்டாலும் வராதாம், ழ போட்டாலும் வராதாம்,
நடுவில் காற்று உரசிப் போகணுமாம்.
உரசிப் பார்த்தேன்.
எச்சில்தான் ரிஜிஸ்டரில் தெறித்தது.
இருட்டினால் போன்ஸ்வார்.
பன்னிரண்டு மணிக்கு மேல் எது என்று
தாளில் இல்லை.
என் வேலையே பன்னிரண்டுக்கு மேல்தான்.

மெர்சியில் வரும் ர
பந்தியில் உட்கார்ந்தவன்
தொண்டையில் சிக்கிய வஞ்சிர முள்ளை
யாருக்கும் தெரியாமல் எடுக்கப் பார்ப்பது.

போர் ஃபவோர்.
ஸ்பெயின்காரர்கள் தயவு கேட்பதே
போரில்தான் ஆரம்பிக்கிறது.
அஸ்தா மன்யானா, நாளைக்குப் பார்ப்போம்.
அதை மட்டும் பேனாவால் அடித்து
மஞானா என்று திருத்தினேன்.
தன் பெயரின் முதல் எழுத்தையே
மறந்திருக்கிறார் மனுஷன்.

சீன வரிகளுக்கு மேலே அம்புகள்.
ஒன்று நேரே போகிறது, ஒன்று ஏறுகிறது,
ஒன்று பள்ளத்தில் விழுந்து எழுகிறது,
ஒன்று தலைகுப்புற இறங்குகிறது.
குரல் மாறினால் அர்த்தம் மாறிவிடுமாம், ஜாக்கிரதை என்றார்.
என்ன பெரிய வித்தை?
எங்கள் வீட்டில் ஒரே ஒரு ம்.
என் நாத்தனார் போனில் புலம்பும்போது
பாய் விரித்த மாதிரி நீளமாகப் படுத்திருக்கும்.
சம்பளத்தில் பிடிச்சுட்டாங்க என்றால்
வீட்டுக்காரர் வாயில் சட்டென்று நிமிரும்.
ட்யூஷனுக்குத்தான் போனேன் என்று மகன் சொன்னால்
எனக்குள் இறங்கி, கொஞ்சம் இருந்து,
சந்தேகத்தோடு மேலே வரும்.
நாலாவது, கதவைச் சாத்துகிற ம்.
அதற்கப்புறம் யாரும் பேசுவதில்லை.

நேற்று ராத்திரி ரெண்டேகாலுக்கு
முதுகுப் பையோடு தைவான் பெண் ஒருத்தி.
மாடியில் தண்ணீர் இல்லை, மோட்டார் எரிந்துவிட்டது.
தாளைப் பார்த்தேன்: துய்-பு-ச்சி, மன்னிக்கவும்.
முதல் அம்பு இறங்கணும், கடைசி பள்ளத்தில் விழணும்.
பதற்றத்தில் மூன்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டேன்.
அவள் என்னையே பார்த்தாள்.
என்ன சொல்லித் தொலைத்தேனோ.
பிறகு மெதுவாக, ஒவ்வொரு படியாக,
துய்-பு-ச்சி என்றாள்.
திருத்தினாளா,
நேரங்கெட்ட நேரத்தில் எழுப்பியதற்குப்
பதில் மன்னிப்புக் கேட்டாளா,
இப்போதும் தெரியவில்லை.

கீழிருந்து இரண்டு வாளி சுமந்து
அறை வாசலில் வைத்தேன்.
சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள்:
ஆ... மா... லா?
அமலோர்பவமேரி என்றால்
வெளிநாட்டு நாக்குக்கு ஆகாது என்று
மேனேஜர் வெட்டிக் கொடுத்த பெயர்.
அதை எப்படிச் சொல்வதென்று
யாரும் எங்கும் தாள் ஒட்டவில்லை.
போனைப் பார்த்து மூச்சை இழுத்து
அவள் சொன்னாள்: நண்டி.

திருத்தவில்லை.
பக்கவாட்டில் நடந்தாலும்
நண்டு வளைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

விடிகாலை கடலூர் பஸ்.
அரியாங்குப்பம் ஒண்ணு என்றேன்.
முருங்கப்பாக்கம் தாண்டும்போது
கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.
தூக்கக் கலக்கமோ என்னவோ,
நன்றிங்க என்று வந்துவிட்டது.
அவர் நின்றார்.
"ஏம்மா, கம்மியா இருக்கா?"
"இல்லீங்க. சரியாத்தான் இருக்கு."
என் உள்ளங்கையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு
ம் என்றார்.
மூன்றாவது அம்பு.
பள்ளத்தில் விழுந்து, எழுந்து வந்தது.