கடைசிப் பெஞ்சில் இடமிருக்கிறது

சொர்ணம்,
போன ஞாயிறும் நீ கேட்டோடு நின்றுவிட்டாய்,
என் டிபன் பையும் உன் குடையும் ஒரே கையில்.
நைட் டூட்டி முடிந்து சயானிலிருந்து
சேர்ந்துதான் நடக்கிறோம்.
கோயில் வந்ததும் நீ மட்டும்
செருப்புக் குவியலுக்குக் காவல்காரி.

"உள்ள வந்தா பேர மாத்தச் சொல்வாங்களா" என்றாய், சிரித்தபடி.
பேர் யாரும் கேட்க மாட்டார்கள்.
உன் சந்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது,
மோட்டார் வைத்து இழுக்கிறார்களா என்று கேட்பார்கள்.
தாராவியில் அறிமுகமே அதுதானே.

விளக்கிச் சொல்ல எனக்கு வராது.
மூன்று ஆள், ஒரே கடவுள் என்பதற்கு
உபதேசியார் மூன்று தீக்குச்சிகளைச் சேர்த்துக் கொளுத்திக் காட்டினார்;
அவர் விரல் சுட்டுக்கொண்டதுதான் எனக்கு ஞாபகம்.
கையால் தொட்டதைத்தான் சொல்ல முடியும்.

பாஸ்கா ராத்திரி ஒரு டிரம் வைப்பார்கள்.
நம் வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டுகிறோமே,
அதே நீல டிரம்.
எரிகிற திரியை அதற்குள் மூன்று முறை இறக்கி எடுப்பார் சாமியார்.
அப்புறம் பூட்டுவதில்லை.
குழந்தை தலையில் ஊற்றி, எங்கள் மேல் வீசி,
பாட்டில் நீட்டியவர்களுக்கெல்லாம் மொண்டு கொடுத்து...
இந்த ஊரில் தண்ணீரைச் சும்மா கொடுத்து
நான் பார்த்தது அங்கேதான்.

பதினேழாம் பெட் ஞாபகம் இருக்கிறதா?
ரயில்வே போலீஸ் கொண்டுவந்து போட்ட, பெயரில்லாத ஆள்.
கழுத்தில் அழுக்கேறிய உத்தரியம் பார்த்து
நான்தான் சாமியாருக்குப் போன் போட்டேன்.
ரெயின்கோட் சொட்டச் சொட்ட வந்தார்.
நீயும் நானும் கையுறை மாட்டித்தான் அவரைத் தொட்டோம்.
சாமியார் வெறும் கட்டைவிரலில் எண்ணெய் தொட்டு
நெற்றியில் வைத்தார், இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார்.
நீ திரையை இழுத்துவிட்டாய்.
பிறகு ஸ்டோரில், "அந்த எண்ணெயில என்னக்கா இருக்கு?"
நான் பெட்ஷீட் எண்ணுகிற மாதிரி இருந்துவிட்டேன்.
இப்போது சொல்கிறேன்:
குஷ்டரோகியை வெறுங்கையால் தொட்டவர் ஒருவர் இருந்தார்.
அந்தக் கையை அவர் இன்னும் இழுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.
அப்பம் உனக்கு இப்போது தர மாட்டார்கள்.
கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு போனால்
தலையில் கைவைத்து ஆசீர் கிடைக்கும், அவ்வளவுதான்.
பந்திக்குக் கூப்பிட்டு இலை போடாத மாதிரி இருக்கும்.
கோபம் வரும்.
எனக்குத் தெரியும்.
ஒன்பது வருஷம் அப்படி உட்கார்ந்தவள் நான்,
ஞானஸ்நானம் வாங்கியவளே.
பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை,
அதற்காகத் தங்கை ரீத்தாளோடு பேச்சில்லை.
எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போவார்கள்;
நான் முழங்காலை ஒதுக்கி வழிவிடுவேன்.
கடைசிப் பெஞ்சு. சுவர் ஓரம். மின்விசிறி கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை போய் மண்டியிட்டேன்.
வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
ஜலதோஷம் பிடித்த ஒரு சாமியார்.
ஒன்பது வருஷத்தைச் சொல்லப் பதினோரு நிமிஷம்.
ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்றிருந்தேன்.
"மாட்டுங்கா போய்த் தங்கச்சி கையால
ஒரு டீ குடிம்மா" என்றார், தும்மினார்.

ரீத்தாள் சர்க்கரை போடவில்லை.
வேண்டுமென்றேதான்.
குடித்தேன்.

மறு ஞாயிறு அப்பம் நாக்கில் வந்தது.
ருசி என்று ஒன்றுமில்லை, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
ஆனால் நிரம்பின அறையில்
இன்னும் ஓர் ஆளுக்குப் படுக்க இடம் விட்டு
எல்லாரும் ஒருக்களிப்போமே,
அப்படி எனக்குள் எல்லாம் ஒதுங்கியது.
வந்தவர் பெயர் இயேசு.
இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சொர்ணம்.

வருகிற ஞாயிறு டூட்டி இல்லை இருவருக்கும்.
ஏழு மணிப் பூசை.
தண்ணீர் பிடிக்கணும் என்பாய்.
நாலு மணிக்கே எழுந்து
உன் குடங்களையும் நிரப்பி வைத்திருப்பேன்.
வராவிட்டாலும் அது உன் தண்ணீர்தான்.