ஒட்டும் உறவும்

சந்தூர்ப் பக்கம் பூ உதிர்ந்து
பிஞ்சு மிளகளவு இருந்த வாரம்,
ஐஸ் பெட்டியும் காகித உறைகளுமாய்த்
தோப்பு தோப்பாய் ஏறி இறங்கினேன்.
மரத்துக்கு மூன்று இலை.
செம்பு நிறம் இன்னும் போகாத தளிர்.

"பெங்களூரா" என்றார் மாதப்பன்.
எழுதிக்கொண்டேன்.
வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் பங்காளி திம்மராயன்
"எங்களுது கிளிமூக்கு. அது வேற, இது வேற" என்றார்.
அதையும் எழுதிக்கொண்டேன்.
கிணற்று மோட்டார் வழக்கில் பதினொரு வருஷமாய்
அவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
ஜெகதேவியில் அதே மூக்குள்ள காயை
ஒருவர் கலெக்டர் என்றார்.
கலெக்டர் காய்க்க ஆரம்பித்து எத்தனை வருஷம் என்றேன்.
சிரிக்கவில்லை அவர்.

ஆய்வகத்தில் இலைக்குப் பெயர் கிடையாது.
அரைத்து, கரைத்து, சுழற்றி,
ஊதா வெளிச்சத்தில் வைத்தால்
படிக்கட்டு மாதிரி கோடுகள்.
பெங்களூராவின் படிகளில் ஏறி
கிளிமூக்கின் படிகளில் இறங்கலாம்,
கால் இடறாது.
பன்னிரண்டு இடத்தில் பார்த்தேன்.
நாற்பது உறைகளில் ஒரே மரம்.
என்றோ எவரோ சீவி எடுத்த ஒரு குச்சி
ஒட்டிலிருந்து ஒட்டுக்குத் தாவி
சாக மறந்துபோய்
மாவட்டம் முழுக்க நின்றுகொண்டிருக்கிறது.

செந்தூரா என்று எழுதிய இரண்டு உறைகளோ
ஒன்றையொன்று
பஸ்ஸில்கூடப் பார்த்ததில்லை.

அறுபத்தொன்றாம் எண்ணுக்கு வருகிறேன்.

கூழ் ஆலையின் பின்புறம்,
சீசன் முடிந்தால் கொட்டைகள் மலையாய்க் குவியும் இடம்.
புளித்த வாடையும் ஈயும்.
குவியலின் ஓரத்தில் தானாய் எழுந்து
சுவரைவிட உயர்ந்த ஒன்று.
பழம் பிரிக்கும் வரிசையில் நிற்கும் வெங்கடலட்சுமி
கையுறையைக் கழற்றிக் காட்டினாள்:
"அதுக்குப் பேரு இல்லீங்க. யாரும் வைக்கல."

அதன் படிகளில்
பாதிக்குப் பாதி பெங்களூரா. சந்தேகமில்லை.
மறுபாதியை
நீலத்தோடு வைத்துப் பார்த்தேன்,
மல்கோவா, பீத்தர், இரண்டு செந்தூராவோடும்.
யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.
எந்தத் தோப்பிலோ ஓர் ஈ
காலைத் துடைத்த பூவில் நடந்தது அது.
எந்த லாரி கொண்டுவந்தது என்று
ஆலைப் பதிவேட்டில் இல்லை;
எடை மட்டும் இருக்கிறது.

"பெயர் இல்லாமல் அட்டவணை போகாது" என்றார் பேராசிரியர்.
வெங்கடலட்சுமி என்று தட்டிப் பார்த்து
அழித்துவிட்டு
61 என்றே விட்டேன்.

முடிவைச் சொல்ல மறுபடி போனேன்.
உங்களுடையதும் அவருடையதும் ஒரே மரம் என்றதும்
மாதப்பன் வரப்பைத் தாண்டிக்
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"மரத்துக்காவது ஒட்டு இருக்குதே, போங்க"
என்று மோட்டாரைப் போட்டார்.

ஆலையில் அது சாப்பாட்டு வேளை.
வெங்கடலட்சுமி டிபன் மூடியில்
நறுக்கி, உப்பு தொட்டுக் கொடுத்தாள்.
தோல் ஓரம் கொத்தமல்லி வாசம்,
நடுவில் நார், பல்லிடுக்கில் போராடும் நார்,
அதற்கப்புறம் ஓர் இனிப்பு,
என்னிடம் இருந்த எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை.

சூப்பி முடித்த கொட்டையைக்
குவியலைப் பார்த்து எறிந்தேன்.
அது
அறுபத்தொன்று அல்ல.