இடது கை

லினனை வெட்டுமுன் மூன்று முறை வெந்நீரில் அலசினேன்.
சுருங்குவதெல்லாம் கத்தரிக்கு முன்பே சுருங்கட்டும்.
பிறகு சுருங்கினால் அது துணியின் பிழையல்ல.

கிளைபேடா துறைமுகம், நான்காம் எண் கிரேன்.
முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் என் கூண்டு,
காலடியிலும் கண்ணாடி.
மூடுபனி இறங்கினால் கப்பல் காத்திருக்கும்.
நான் ஊசி எடுப்பேன்.

இரண்டு பாவு, இரண்டு ஊடை எண்ணி
ஒரு பெருக்கல் குறி.
இங்கே பிளவுஸ் கையில் அல்லி போடுவார்கள், விண்மீன் போடுவார்கள்.
நான் போட்டது கீழே தெரிந்ததை:
துருச்சிவப்பு, நீலம், பாசிப்பச்சை,
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கன்டெய்னர்கள்,
தோளிலிருந்து மணிக்கட்டுவரை
ஒரு கப்பல் சரக்கு.

வலது கை மார்ச்சிலேயே முடிந்தது.
இடது கையில் ஒரே ஒரு வரிசை பாக்கி.
உடலோடு இணைக்குமுன் பூவேலையை முடித்துவிட வேண்டும்,
மடியில் தட்டையாகக் கிடக்கும், வசதி.
ஆபத்தும் அதுதான்.

தேநீர் ஆவி கண்ணாடியில் படிகிறதென்று
சன்னலை ஒரு சாண் திறந்தேன்.
பனி கலைவது காற்றுக்குத்தான் முதலில் தெரிந்தது.

ரேடியோவை அமுக்கிச் சொன்னேன்:
"எதுவார்தாஸ், என் இடது கை கீழே விழுந்துவிட்டது."

அப்படியொரு மௌனத்தை
அந்த அலைவரிசையில் நான் கேட்டதில்லை.
பிறகு சைரன்.
பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறி
முதலுதவிப் பெட்டியோடு அவன்.
என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்,
எண்ணிப் பார்த்தானோ என்னவோ.
வைதான். உட்கார்ந்தான்.
என் தேநீரை எடுத்துக் குடித்தான்.

கை கிடந்தது
ரோட்டர்டாம் போகும் கன்டெய்னர் ஒன்றின் கூரையில்,
முழங்கையில் மடங்கி.
அதன்மேல் அடுத்ததை இறக்க வேண்டியவள் நான்தான்.
இறக்கினேன்.

உயரத்திலிருந்து விழுந்த பொருளுக்குப் படிவம் உண்டு.
பொருள்: கை, ஒன்று.
எடை: அறுபது கிராம்.
காயம்: இல்லை.
உரிமையாளர் முகவரி என்று ஒரு கட்டம்.
வழக்கமாக யாரும் எழுதுவதில்லை.
நான் அஞ்சல் குறியீடு உட்பட எழுதினேன்.

மிச்சத் துணியில் இன்னொரு கை தேறவில்லை.
தலையணை உறையைப் பிரித்தேன், அதுவும் லினன்,
என்ன, கொஞ்சம் பழுப்பு.
அக்குளில் சதுரத் துண்டு கொடுத்துத் தைத்தேன்,
நெம்புகோலைத் தள்ளும்போது பிடிக்காது.

"இந்தக் கை ஏன் வெறுமையாக இருக்கிறது?
அது திரும்பி வருமென்று காத்திருக்கிறாயா?"
எதுவார்தாஸ்தான் கேட்டான்.

துருச்சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது.
கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.