மவுண்ட்

உட்துறைமுக வீதியில் என் தட்டச்சு மேசை.
ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கப் பக்கம் முந்நூறு ரூபாய்,
முத்திரைச் செலவு வேறு.

இன்று வந்தவர் குணநாயகம்.
கோணமலையில் கடைகளுக்குச் சோடாப்பெட்டி ஏற்றிப்போனவர்.
கோட்டை வாசல் தாண்டினதும்
மான் ஒன்று குறுக்கே பாய்ந்திருக்கிறது.
இடக்காலில் முழங்கால்வரை மாக்கட்டு,
அதில் யாரோ பிள்ளை வரைந்த நீலப் பூ.

காப்புறுதிக் கம்பனி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறது.
திரும்பும் இடமெல்லாம்
மவுண்ட், மவுண்ட்.

மலை என்றால் மலை. அதற்கு யோசனை தேவையில்லை.
அவர் சைக்கிளில் ஏறினார், சக்கரம் கல்விளிம்பில் ஏறியது,
சரி, அதுவும் சரி.
கைவேகத்தில் அடித்துக்கொண்டு போனேன்:
"விபத்துக்கு முன்னரே மலை பழுதடைந்திருந்தது."

வாசித்துக் காட்டியதும் அவர் சிரித்த சிரிப்பில்
பக்கத்துப் போட்டோக்கொப்பிக்காரன் எட்டிப் பார்த்தான்.
"கோணேசர் இருக்கிற மலையா பிள்ளை பழுது?
அது எஞ்சின் மவுண்ட்.
எஞ்சினைத் தாங்கி நிற்கிற இறப்பர்.
போன மாசம்தான் மாத்தினனான், இந்தா பில்."

எட்டாய் மடித்த பில். எண்ணெய் வாசம்.
எஞ்சின் மவுண்டிங் 2, புதுசு.
அந்தத் துண்டின் மேல்தான்
இரண்டு இலட்சத்துப் பதினாறாயிரம் நிற்கிறது.

நீக்கியில் வெள்ளை பூசி, ஊதி, காயும்வரை இருந்தோம்.
வெள்ளைக்காரனுக்கு மலையும்
அதில் ஏறுவதும்
ஏறிப்போகிற குதிரையும் ஒன்றுதான் போலும்.
நமக்கு மட்டும் என்ன?
உச்சியில் இருப்பவர் ஏறிப்போவதும் ஏறு.
விலை ஏறும், காய்ச்சல் ஏறும்,
நீதிமன்றப் படி ஏறும் சனமெல்லாம்
மானம் கப்பலேறிய கதையோடு
என் மேசைக்குத்தான் வருகிறது.

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம் என்று
வாய் தொடங்கிவிட்டது.
மாக்கட்டைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினேன்.
"இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்,
சொல்லு பிள்ளை, நான்தானே நொண்டி" என்றார்.

கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை.
செலவுகள் ஏறிக்கொண்டே போகின்றனவாம்,
கம்பனிக்கு.
அப்படியே அடித்தேன். மொழிபெயர்ப்பவளுக்குக்
கோபம் தட்டச்சில் இல்லை.
மறுமொழியை மட்டும் அவர் சொல்லச் சொல்ல
ஆங்கிலத்தில் நானே எழுதினேன்,
பில்லை மேலே குத்தி.

ஓட்டோ வந்தது. கால் மடங்காது.
முதலில் முதுகு, பிறகு இடுப்பு,
காலை நான் தூக்கி
ஒரு சோடாப்பெட்டியை வைப்பதுபோல் உள்ளே வைத்தேன்.
கம்பியைப் பிடித்தபடி கேட்டார்:
"அமவுண்ட் எவ்வளவு?"

அதற்குள்ளும் இருந்தது.
ஒரு பக்கத்துக்குத்தான் வாங்கினேன்.
பிழை அடித்த மலைக்குக்
காசு வாங்கக் கூடாது.