ஒன்பதாம் பக்கம்

முதலில் மண்டையோடுதான் வரைந்தேன்.
மாவட்ட அலுவலகம் கேட்டது அதைத்தான்:
குறுக்கே இரண்டு எலும்பு,
கீழே சிவப்பில் ஒரு வியப்புக்குறி.

சேரம்பாடி சுகாதார நிலையத்தில்
சளி பரிசோதிப்பது என் வேலை.
பதிவேட்டின் பின்னட்டையில் படம் போடுவேன்.
அதை நாலு பேருக்குத் தெரியவிட்டது என் தப்பு.

முழங்கைப் புண்ணுக்குக் கட்டுப்போட வந்த
ரெக்ஸிடம் நீட்டினேன். சிரித்தான்.
"இவரைத் தெரியும்க்கா.
மருந்து டின்னில் இருப்பார்.
தினம் பதினாறு லிட்டர்
முதுகில் சுமந்து தேயிலைக்கு அடிக்கிறேன்.
இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை."

அழித்தேன். ரப்பர் தூளை ஊதினேன்.
சரி, வேறு என்ன போட?
அவன் ஜன்னலைப் பார்த்தான்.
ஜன்னலில் மஞ்சு தவிர ஏதுமில்லை.
"பம்ப் ரூமைப் போடுங்க."

தகரக் கூரை போட்டேன்.
"கதவு இந்தப் பக்கம் திறக்கும்."
மாற்றினேன்.
"உள்ளே நாலு பேர்.
கோகிலன் மட்டும் சுவரில் சாய்ந்து.
உதடு நீலமா இருக்கணும்."

நீலம் என்னிடம் ஒன்றுதான் உண்டு,
சளியில் கிருமி தேடும் சாயம்.
தீக்குச்சியில் தொட்டு வைத்தேன்.
காகிதத்தில் அது கொஞ்சம் பரவியது.

அடுத்த கட்டம்?
கட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
அடுத்த கட்டம், ரெக்ஸ்?
"மூணு முதுகுக்கா.
ஓடுற முதுகு."

அலுவலகத்துக்கு முதுகுகள் பிடிக்கவில்லை.
"போதை ஒழிகன்னு ஒரு வரிகூட இல்லையே மேடம்,
இதென்ன சினிமா கதையா?"
ஏழாம் பக்கத்தில் ஒரு முதுகு திரும்பி நிற்கும்.
'பயப்படாதே, போலீசுக்குச் சொல்லமாட்டோம், கூப்பிடு'
என்று அதன் எதிரே எழுதியிருந்த குமிழியை
வெள்ளை மை தடவித் திருப்பி அனுப்பினார்கள்.
குமிழி வாலோடு நின்றது,
சொல் மட்டும் இல்லாமல்.

அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.
கூடலூரில், கறுப்பு வெள்ளையில், முந்நூறு பிரதி.
உதடு கறுப்பானது. காசு அவ்வளவுதான்.

ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது:
ஒருவனை ஒருக்களித்துப் படுக்கவைக்கும் கை.
தலை எப்படி, மடக்கிய முழங்கால் எப்படி.
நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணும் இன்னொருவன்.
கீழே, ரெக்ஸ் சொல்லச் சொல்லப் போட்ட வரைபடம்.
லைன் வீடுகள், மாரியம்மன் கோயில், பம்ப் ரூம்,
சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான
தண்ணீர்த் தொட்டி மேடு,
அதன்மேல் போனை உயர்த்திப் பிடித்த ஓர் ஆள்.
நூற்றியெட்டு வர நாற்பது நிமிடம்.
வழியில் யானை நின்றால், யானை போகும்வரை.
அதுவரை அவனை விட்டுப் போகாதே என்பதை
எப்படி வரைவதென்று தெரியவில்லை.
படுத்திருப்பவன் பக்கத்தில்
ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்தேன்.

பிலோமினா சிஸ்டர் திட்டிக்கொண்டே விநியோகித்தார்.
கேண்டீனில் பாதி, வடை மடிக்கப் போனது.
கோயில் பூசாரி இரண்டு வாங்கிக்கொண்டார்,
ஏனென்று சொல்லவில்லை.
பிறகு மழை.
பதினைந்து நாள் யாரும் எதையும் படிக்கவில்லை.

ஐப்பசியில் பம்ப் ரூமுக்குப் போனேன்.
கதவு ரெக்ஸ் சொன்ன பக்கம்தான் திறந்தது.
ஆணியில் ஒரு புத்தகம் குத்தியிருந்தது,
ஓரமெல்லாம் ஊறி உப்பி.
ஏழாம் பக்கத்தில், காலிக் குமிழிக்குள்
பால்பாயிண்டில் யாரோ எழுதியிருந்தார்கள்:
'டேய் கோகிலா எந்திரிடா.'

ரெக்ஸின் கையெழுத்து எனக்குத் தெரியும்,
கட்டுப்போட்ட தேதிகளுக்கு எதிரே
பதினோரு முறை போட்டிருக்கிறான்.
இது அவனுடையது இல்லை.

எட்டைப் புரட்டினால் பதினொன்று.
நடுவில் ஒரு தாள் இல்லை.
பீடிக்குத் தீ மூட்டவோ,
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவோ
கிழித்திருப்பார்கள்.
துருப்பிடித்த பின்னில்
விரல் நகமளவு காகிதம் ஒட்டியிருந்தது.

அடுத்த முறை அச்சடிக்கும்போது
அந்தத் தாளை மட்டும்
இரண்டாக வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும்.